டிஸ்ட்ரிபியூட்டர் யாருக்குச் சொந்தம்: காருக்கா, எஞ்சினுக்கா?

இந்த எபிசோடு ஒரு சின்னப் பொருளோட வரலாறு. ரெண்டு கைக்குள்ள அடங்குற சைஸ். மேல ஒரு கருப்பு மூடி, அதுலேருந்து அஞ்சு தடிச்ச ஒயர் கிளம்பும். பழைய பெட்ரோல் காரோட பானெட்டைத் திறந்து பார்த்தவங்களுக்கு உடனே தெரியும். 2000-க்கு அப்புறம் பிறந்தவங்க நிறைய பேர் இதைப் பார்த்தே இருக்க மாட்டீங்க. பேரு டிஸ்ட்ரிபியூட்டர்.

பள்ளிக்கரணையிலேருந்து ஒரு நேயர் அனுப்பின கேள்விதான் இதுக்குக் காரணம். வீட்டுல தாத்தா காலத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிக்குது. எஞ்சின் பிளாக்ல விரிசல். வேற எஞ்சின் போடலாம்னு யோசிக்கிறார். "கம்மி விலைல எந்த டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கலாம்?"னு கேக்குறார். ஒரு வரில பதில் சொல்லிடலாம். ஆனா அந்த ஒரு வரிக்குப் பின்னாடி நூறு வருஷத்துக் கதை இருக்கு. அதுல முக்கியமான பாதி நம்ம ஊர்லயே, பாடியிலயும் பெருங்களத்தூர்லயும் நடந்தது. அதைத் தெரிஞ்சுக்கிட்டா எதை வாங்கணும்னு உங்களுக்கே புரிஞ்சிடும்.

இது என்னதான் பண்ணுது?

பெட்ரோல் எஞ்சின்ல நாலு சிலிண்டர். ஒவ்வொண்ணுலயும் சரியான நேரத்துல ஒரு பொறி விழணும். எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்தினா, நாலு சிலிண்டருக்கும் சேர்த்து நிமிஷத்துக்கு 6000 பொறி. அதாவது ஒரு நொடிக்கு நூறு.

டிஸ்ட்ரிபியூட்டருக்கு மூணு வேலை. முதல் வேலை, காயிலுக்குப் போற கரண்ட்டைச் சட்டுனு துண்டிக்கிறது. உள்ள இருக்குற 'பாயிண்ட்' திறக்குற அந்தக் கணத்துல காயில்லேருந்து பல ஆயிரம் வோல்ட் பீறிட்டு வரும். ரெண்டாவது, அந்தக் கரண்ட்டை எந்த சிலிண்டர் முறையோ அதுக்கு அனுப்புறது. ரோட்டர்னு ஒரு சின்னத் துண்டு மூடிக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கும். பந்தில நின்னு இலை இலையா பரிமாறுற மாதிரி.

மூணாவது வேலைதான் முக்கியம், பலரும் கவனிக்காததும் அதுதான். பெட்ரோல் எரிய கொஞ்சம் நேரம் எடுக்கும். எஞ்சின் வேகமாச் சுத்தினா பொறியை இன்னும் முன்னாடியே விடணும். மெதுவா ஓடும்போது பிஸ்டன் உச்சிக்கு வர சுமார் 10 டிகிரி முன்னாடி விட்டா போதும்னா, வேகத்துல 30 டிகிரி தாண்டிப் போகணும். இதைக் கணக்குப் போட அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் கிடையாது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள ரெண்டு குட்டி எடைக்கல், ரெண்டு ஸ்பிரிங். வேகம் கூடக் கூட எடைக்கல் வெளில விரியும், பொறி முன்னாடி நகரும். பக்கத்துல தட்டு மாதிரி ஒரு வேக்குவம் யூனிட் இருக்கும். ஆக்சிலரேட்டரை லேசா மிதிச்சு நிதானமா ஓட்டும்போது அது இன்னும் கொஞ்சம் முன்னாடி இழுக்கும்.

அந்த ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பா இருக்கணும், எடைக்கல் எவ்வளவு விரியணும்ங்கிறதை ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனியா சோதிச்சு முடிவு பண்ணாங்க. வெளில பார்க்க ரெண்டு டிஸ்ட்ரிபியூட்டரும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ள கணக்கு வேற. இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

பிறந்ததே சிக்கனத்துக்காக

1900-களோட ஆரம்பத்துல நல்ல காருக்கு அடையாளம் மேக்னெட்டோ. ஜெர்மனியோட பாஷ் கம்பெனில காட்லோப் ஹோனால்டு 1902-ல உருவாக்கின உயர் அழுத்த மேக்னெட்டோ உலகம் முழுக்கப் பேர் வாங்குச்சு. பேட்டரியே வேண்டாம், தானே கரண்ட் உற்பத்தி பண்ணி தானே பொறி விடும். நம்பகமானது. ஆனா விலை ஜாஸ்தி.

அமெரிக்காவோட டேட்டன் நகரத்துல சார்லஸ் கெட்டரிங், எட்வர்டு டீட்ஸ்னு ரெண்டு பேர் 1909-ல ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. அதோட நீளமான பேரைச் சுருக்கித்தான் 'டெல்கோ'. பேட்டரி, காயில், பாயிண்ட் வச்சு கெட்டரிங் செஞ்ச இக்னிஷன் 1910-ம் வருஷ மாடல் கேடிலாக் கார்ல வந்தது. 1912-ல அதே கேடிலாக்குக்கு எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரும் கொடுத்தார். ஸ்டார்ட்டரை இயக்க எப்படியும் ஒரு பேட்டரி இருக்கணும். பேட்டரி இருக்குன்னா தனியா ஒரு மேக்னெட்டோ எதுக்கு? கொஞ்சம் கொஞ்சமா சாதாரணக் கார்கள் எல்லாம் காயில், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் சாய்ஞ்சது. ஸ்பெயின்ல இன்னிக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு 'டெல்கோ'ன்னுதான் பேரு. நம்ம ஊர்ல நகல் எடுக்குறதை 'ஜெராக்ஸ்'னு சொல்ற மாதிரி.

ஆக, பட்ஜெட் டிஸ்ட்ரிபியூட்டர் தேடுறதுல வெக்கப்பட எதுவும் இல்ல. அந்தப் பொருள் ஜெயிச்சதே பட்ஜெட்னாலதான்.

பாடிக்கு வந்த கதை

சுதந்திரத்துக்கு அப்புறம் இந்தியாவுல கார் கம்பெனிகளுக்கு அரசு ஒரு கேள்வி வச்சது: நீங்க இங்க கார் செய்யப் போறீங்களா, இல்ல பெட்டில வர்ற பாகங்களைப் பூட்டி விக்கப் போறீங்களா? 1953-ல டாரிஃப் கமிஷன் சொன்னதை அரசு ஏத்துக்கிட்டது. உள்நாட்டுலயே செய்யத் திட்டம் இல்லாதவங்களுக்கு இடமில்ல. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பிட்டாங்க. கார்ல மிஞ்சினது பிரதானமா மூணு பேரு: கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான், பம்பாய்ல பிரீமியர், மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு.

மெட்ராஸ் கம்பெனியோட முழுப் பேரு ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. 1948-ல இங்கிலாந்தோட ஸ்டாண்டர்டு கம்பெனியும் மெட்ராஸோட யூனியன் கம்பெனியும் சேர்ந்து ஆரம்பிச்சது. வேன்கார்டு, ஸ்டாண்டர்டு டென், பென்னண்ட் எல்லாம் வந்து, 1961-ல ஹெரால்டு. இங்கிலாந்துல அதுக்கு டிரையம்ஃப் ஹெரால்டுன்னு பேரு. அங்க 1963-லயே ஸ்டாண்டர்டுங்கிற பேரு கார்லேருந்து காணாமப் போச்சு. இங்க அது இன்னும் இருபத்தஞ்சு வருஷம் ஓடுச்சு. அங்க ஹெரால்டு எஞ்சின் 1147, 1296 சி.சி.ன்னு வளர்ந்தது. இங்க கடைசி வரை 948 சி.சி.தான்.

கார் செய்யச் சொன்னா போதுமா? டைனமோ, ஸ்டார்ட்டர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர்லாம் யார் செய்வாங்க? பிரிட்டிஷ் கார்கள்ல எலக்ட்ரிக்கல் வேலைன்னா பர்மிங்காம் லூகாஸ்தான். 1961-ல, ஹெரால்டு வந்த அதே வருஷம், லூகாஸும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து லூகாஸ்-டி.வி.எஸ். கம்பெனியை ஆரம்பிச்சாங்க. இடம் பாடி. இன்னிக்கு அண்ணா நகர்லேருந்து அம்பத்தூர் போறவங்க தாண்டிப் போற அதே பாடி.

இங்கிலாந்துல லூகாஸை 'இருட்டின் இளவரசன்'னு கிண்டல் பண்ணுவாங்க. ஹெட்லைட் எப்ப அணையும்னு தெரியாதாம். ஆனா இங்க அதோட அர்த்தம் வேற. வெளிநாட்டுச் சாமானுக்கு லைசென்ஸ் வாங்கி மாசக்கணக்குல காத்திருந்த காலம் அது. பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர் மூணும் உள்ளூர்லயே கிடைக்குதுன்னா, ரோட்டுல நின்ன காரை அன்னிக்கே வீட்டுக்கு ஓட்டிட்டுப் போகலாம். நல்ல பாகம்னா என்னங்கிறதுக்கு அந்தத் தலைமுறையோட விளக்கம் அதுதான்: மறுபடி கிடைக்கணும்.

தொழிற்சாலையே எஞ்சின் மாத்தின கார்

எஞ்சின் மாத்துறதுன்னா யாரோ ஷெட்டுல பண்ற வேலைன்னு நினைக்கிறோம். இந்தியாவுல ரொம்பப் பேசப்பட்ட ஒரு எஞ்சின் மாற்றத்தை ஒரு தொழிற்சாலையே பண்ணிச்சு. அதுவும் தாம்பரத்துக்கு அடுத்த பெருங்களத்தூர்ல.

1985-ல ஸ்டாண்டர்டு 2000 வந்தது. உடம்பு ரோவர் எஸ்.டி.1. அந்தக் கார் 1976-ல இங்கிலாந்துல 3.5 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சினோட அறிமுகமானது. 1977-ல ஐரோப்பாவோட சிறந்த கார் விருது வாங்கினது. மெட்ராஸ்ல அந்த அழகான உடம்புக்குள்ள என்ன போட்டாங்க? 1991 சி.சி., நாலு சிலிண்டர் வேன்கார்டு எஞ்சின். அதோட பரம்பரை 1940-களுக்குப் போகுது. அதே குடும்பத்து எஞ்சின் இங்கிலாந்துல ஃபெர்குசன் டிராக்டர்லயும் ஓடுச்சு.

ஏன் அப்படிப் பண்ணாங்க? அந்த எஞ்சினை அவங்களுக்குச் செய்யத் தெரியும். ஏற்கெனவே தங்களோட வேன்ல போட்டுக்கிட்டிருந்தாங்க. பாகம் உள்ளூர்ல இருக்கு. புதுசா எஞ்சின் இறக்குமதி பண்ணப் பணமும் அனுமதியும் வேணும். காகிதத்துல பார்த்தா இது சரியான பட்ஜெட் முடிவு.

ரோட்டுல கதை வேற. கனமான காரு, வயசான எஞ்சின். இழுவை பத்தல, பெட்ரோல் குடிச்சுது, விலையோ ஜாஸ்தி. 1983 டிசம்பர்லயே மாருதி 800 வந்துட்டதால ஜனங்களுக்கு 'புது கார்'னா எப்படி இருக்கணும்னு தெரிஞ்சுபோச்சு. 1988-ல ஸ்டாண்டர்டு 2000 நின்னுபோச்சு. அதோட அந்த மெட்ராஸ் கம்பெனியும் கார் செய்யறதை நிறுத்திச்சு. பல வருஷம் கழிச்சு, அங்க பிரிக்காமக் கிடந்த ரோவர் பாகங்களை இங்கிலாந்துல பழைய கார் பாகம் விக்கிற ரிம்மர் பிரதர்ஸ் வாங்கிட்டுப் போனாங்க. பெருங்களத்தூர்ல தூங்கின கதவும் பானெட்டும் இங்கிலாந்துல ரோவர் வச்சிருக்கிறவங்க கைக்குப் போச்சு.

இதுலேருந்து நம்ம கேள்விக்கு என்ன கிடைக்குது? ரெண்டு விஷயம். ஒண்ணு, உடம்பு மாறினாலும் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினோடதான் வரும். எட்டு சிலிண்டர் ரோவரோட டிஸ்ட்ரிபியூட்டருக்கு அந்த நாலு சிலிண்டர் எஞ்சின்ல வேலையே இல்ல. ரெண்டு, பாகம் கையில இருக்குங்கிறது நல்ல காரணம்தான், ஆனா அது மட்டுமே காரணமா இருக்கக் கூடாது.

டீசல் வந்தது, டிஸ்ட்ரிபியூட்டர் இறங்குச்சு

பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலை வித்தியாசம் பெருசா இருந்த காலத்துல, தமிழ்நாட்டு ஷெட்டுகள்ல எஞ்சின் மாத்துறதுன்னா பெரும்பாலும் பெட்ரோல் எஞ்சினை இறக்கிட்டு டீசல் ஏத்துறதுதான். அம்பாசடருக்குள்ள மெட்டடார் வேனோட டீசல் எஞ்சின் ஏறினது அப்படித்தான். டீசலுக்குப் பொறி தேவையில்ல, அழுத்தத்துலயே எரியும். அதனால டிஸ்ட்ரிபியூட்டரும் காயிலும் வேலையில்லாம பழைய சாமான் கடைக்குப் போச்சு.

அடுத்த அடி புகை விதிகள். 1995 ஏப்ரல்லேருந்து சென்னை உட்பட நாலு பெருநகரங்கள்ல புது கார்னா கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், ஈயமில்லாத பெட்ரோல். 2000-ஐ ஒட்டி விதி இன்னும் இறுகி, கார்பரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. பொறியை எப்ப விடணும்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ண ஆரம்பிச்சது. எடைக்கல்லுக்கும் ஸ்பிரிங்குக்கும் வேலை போச்சு.

இங்க ஒரு பொறி இருக்கு, நெருப்புப் பொறி இல்ல, எலிப்பொறி. இடைப்பட்ட காலத்துல வந்த சில எஞ்சின்கள்ல டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும், ஆனா உள்ள எடைக்கல் இருக்காது. பரிமாறுறது மட்டும் அது, நேரம் பார்க்குறது கம்ப்யூட்டர். அப்படி ஒண்ணைப் புதுப்பேட்டைல மலிவா வாங்கி கார்பரேட்டர் எஞ்சின்ல மாட்டினீங்கன்னா ஸ்டார்ட் ஆகும், ஐடில்ல நிக்கும். மேடவாக்கம் மேம்பாலம் ஏறும்போதுதான் தெரியும், வண்டியில உயிரே இல்லன்னு.

சரி, எதை வாங்கலாம்?

நான் பார்த்தவரை மூணு வழி இருக்கு.

முதல் வழி, நீங்க போடப்போற எஞ்சினோட சொந்த டிஸ்ட்ரிபியூட்டரைச் சரி பண்றது. எஞ்சின் பேசும்போதே அதையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்க. வாங்குறதுக்கு முன்னாடி மூணு சோதனை, எந்தக் கருவியும் வேண்டாம். தண்டைப் பிடிச்சுப் பக்கவாட்டுல ஆட்டுங்க. ஆட்டம் தெரிஞ்சா புஷ் தேய்ஞ்சிருக்கு, லேத்துக் கடைல புதுசு போடலாம். ரோட்டரைக் கொஞ்சம் திருப்பி விடுங்க. ஸ்பிரிங் பழைய இடத்துக்கு இழுக்கணும். வேக்குவம் குழாய்ல வாய் வச்சு உறிஞ்சுங்க. உள்ள இருக்குற தட்டு நகர்ந்து அங்கேயே நிக்கணும். நிக்கலன்னா உள்ள சவ்வு கிழிஞ்சிருக்கு. இந்த மூணும் சரியா இருந்தா மிச்சமெல்லாம் சின்னச் செலவு: பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், மூடி.

ரெண்டாவது வழி, அதே எஞ்சின் குடும்பத்துலேருந்து இன்னொண்ணு. ஜி.பி. ரோட்டுலயோ புதுப்பேட்டைலயோ தேடும்போது உருவத்தைப் பார்க்காதீங்க, உடம்புல பொறிச்ச நம்பரைப் பாருங்க. எந்தப் பக்கம் சுத்துது, தண்டு எவ்வளவு நீளம், அடில பல்சக்கரமா இல்ல பள்ளத்துல உட்கார்ற நாக்கா, எல்லாம் ஒத்துப்போகணும்.

மூணாவது, ஆன்லைன்ல கிடைக்கிற புது எலக்ட்ரானிக் நகல். பாயிண்ட் கிடையாது, அடிக்கடி இடைவெளி சரி பண்ற வேலை இல்ல. பார்க்கப் பளபளன்னு இருக்கும், விலையும் கம்மி. நான் இதை வேண்டாம்னு சொல்ல வரல. ஆனா உள்ள இருக்குற கணக்கு பெரும்பாலும் 'எல்லாருக்கும் ஒரே சைஸ் சட்டை'. உங்க எஞ்சினுக்குச் சோதிச்சு வச்சது இல்ல. காயில் அதுக்குப் பொருந்தணும். இன்னொண்ணு, பழைய பிரிட்டிஷ் கார்கள் நிறைய பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட பாசிட்டிவ் முனை பாடில இருக்கும். பார்க்காம மாட்டினா மாட்யூல் அந்த நிமிஷமே புகைஞ்சிடும்.

எந்த வழி போனாலும் ரோட்டர்லயும் கண்டென்சர்லயும் கஞ்சத்தனம் வேண்டாம். மட்டமான நகல் ரோட்டர்ல கரண்ட் பிளாஸ்டிக்கைத் துளைச்சு நேரா தண்டுக்கு இறங்கிடுதுன்னு பிரிட்டன்ல பழைய கார்க்காரங்க பல வருஷமா புலம்புறாங்க. மொத்த டிஸ்ட்ரிபியூட்டரையும் மலிவா முடிச்சு, மிச்சப் பணத்தை இந்த ரெண்டுலயும் போடுங்க.

டைமிங் வைக்கும்போது புத்தகத்துல இருக்குற டிகிரியோட நிறுத்தாதீங்க. அந்தப் புத்தகம் எழுதின காலத்துப் பெட்ரோல் வேற, இன்னிக்கு பங்க்ல கிடைக்கிற 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வேற. மேம்பாலம் ஏறும்போது எஞ்சின்லேருந்து டிக்டிக்னு சத்தம் வந்தா பொறி முன்கூட்டியே விழுதுன்னு அர்த்தம், கொஞ்சம் பின்னாடி தள்ளுங்க.

தண்ணியும் சட்டமும்

பள்ளிக்கரணைல இருந்துக்கிட்டு டிஸ்ட்ரிபியூட்டர் பேசும்போது தண்ணியைப் பேசாம முடியாது. சதுப்பு நிலம் 2022-ல ராம்சர் பட்டியல்ல சேர்ந்தது. அந்தச் சதுப்பைச் சுத்தித்தான் நம்ம வீடுகள். 2015 டிசம்பர், 2023-ல மிக்ஜாம், ரெண்டுலயும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் கார்கள் மூழ்கினதைப் பார்த்தோம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடில கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தா போதும், ஈரக்காத்துலயே கரண்ட் வழி தவறிப் போகும். அதனால மூடி புதுசா இருக்கணும். பாயிண்ட் வச்ச டிஸ்ட்ரிபியூட்டர்ல ஒரு வசதி, மூடியைக் கழட்டி உலர்ந்த துணில துடைச்சா பல நேரம் வண்டி கிளம்பிடும். எலக்ட்ரானிக் போட்டிருந்தா, பழைய பாயிண்ட் தட்டைத் தூக்கிப் போடாம டிக்கில வச்சுக்கோங்க. ஆனா எஞ்சினுக்குள்ளயே தண்ணி போயிருந்தா சாவியைத் தொடவே தொடாதீங்க.

கடைசியா, பணத்தை விடப் பெரிய விஷயம். எஞ்சின் நம்பர் உங்க ஆர்.சி. புத்தகத்துல இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி எஞ்சின் மாத்த ஆர்.டி.ஓ. அனுமதி வேணும். அதோட 2021 ஜூலைல மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வயசு தாண்டின, சொந்த உபயோக வண்டிக்கு 'வி.ஏ.' வரிசைல பதிவு. ஆனா சேஸிஸ், பாடி, எஞ்சின் பெருசா மாறியிருக்கக் கூடாது. 1960-கள்ல செஞ்ச ஹெரால்டுகள் எல்லாம் இன்னிக்கு வயசுல தகுதியானவை. அதுல வேற எஞ்சின் ஏறினா அந்தக் கதவு மூடிக்கும்.

அதனால நேயருக்கு என் பதில் இது. டிஸ்ட்ரிபியூட்டர் வாங்குறதுக்கு முன்னாடி எஞ்சினை முடிவு பண்ணுங்க. இன்னொரு 948 பிளாக் கிடைக்குமான்னு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேடிப் பாருங்க. கிடைச்சா, உங்க பழைய டிஸ்ட்ரிபியூட்டரே அதுக்குப் போதும், அதை விட மலிவா எந்தக் கடையும் தராது. கிடைக்கலன்னா, வர்ற எஞ்சினோட டிஸ்ட்ரிபியூட்டர் அந்த எஞ்சினோடவே வரட்டும். கழட்டின ஹெரால்டு எஞ்சினையும் அதோட டிஸ்ட்ரிபியூட்டரையும் மட்டும் எடைக்குப் போட்டுடாதீங்க. எண்ணெய் தடவி, துணில சுத்தி, ஒரு சீட்டுல நம்பர் எழுதிக் கட்டி வைங்க. அந்தக் காரை மெட்ராஸ்ல செஞ்சாங்கங்கிறதுக்கு அதுவும் ஒரு சாட்சி.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.